ரஜினிகாந்தின் பயிற்சிக்காலம்: பாலசந்தர், முத்துராமன், மகேந்திரன்

நடிகர் ரஜினிகாந்த் (பிறப்பு: டிசம்பர் 12, 1950) 1975 முதல் 1981 வரை நடித்த படங்கள் அவருடைய பிற்காலப் படங்களிலிருந்து பிரித்துப் பார்க்கத்தக்கவை. தமிழ்த் திரையில் கதாநாயகனின் நிறம், தோற்றம், குணம் ஆகியவற்றைப் பற்றி நிலைபெற்றிருந்த வழக்கங்கள் பலவற்றை இப்படங்கள் கலைத்தன. அந்தக் கலைப்பை நடிகரின் தனித்திறன் என்று மட்டும் கொள்வது பொதுவான பார்வை. அவர் சில இயக்குநர்களிடம் தன்னை ஒப்புக்கொடுத்து வேலை செய்த முறைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 'ஸ்டைல்' என்ற ஒற்றைச் சொல் அந்தப் பங்கை மறைத்துவிட்டது.

2019ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதை 2021 அக்டோபரில் பெற்றபோது ரஜினிகாந்த் அதைத் தன் குரு கே. பாலசந்தருக்கும், தன்னை வளர்த்த அண்ணனுக்கும், நடிகனாகும்படி தன்னைத் தூண்டிய பேருந்து ஓட்டுநர் நண்பருக்கும் காணிக்கையாக்கினார். விழா மேடைகளில் குருவந்தனம் வழக்கமான ஒன்று. ஆனால் அந்தக் குருவிடமிருந்து அவர் பெற்றது என்ன, பெற்றதில் எதைக் கடைசிவரை வைத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று கேட்டால் அவருடைய நடிப்பு வாழ்க்கையின் மிக முக்கியமான பிரச்சினை தெரியவரும்.

பின்னணி

சிவாஜி ராவ் கெய்க்வாட் என்ற இயற்பெயர் கொண்ட ரஜினிகாந்த் பெங்களூரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தார். நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தார். கன்னடப் புராண நாடகங்களில் நடித்தார். பின் சென்னைக்கு வந்து தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்குதான் பாலசந்தர் அவரைக் கண்டார். தமிழைக் கற்றுக்கொள்ளும்படி அவர் சொன்னது முதல் பாடம். பெயர் மாற்றம் அடுத்து வந்தது. சிவாஜி என்ற பெயரில் ஏற்கெனவே ஒருவர் சிகரமாக நின்றுகொண்டிருந்த காலம் அது.

அன்றைய தமிழ்க் கதாநாயகன் எப்படி இருக்கவேண்டும் என்பதில் எழுதப்படாத விதிகள் இருந்தன. முகம் ஒப்பனையால் வெளுக்கப்பட்டிருக்கவேண்டும். குரல் தெளிவாக, ஏற்ற இறக்கத்துடன், தமிழ் உச்சரிப்பு நாடக மேடையிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். தலை கலையக்கூடாது. ரஜினிகாந்திடம் இவை எதுவும் இல்லை. கறுத்த நிறம், கலைந்த முடி, சற்றே சிறிய கண்கள், வேகமாகக் கொட்டும் பேச்சு, கற்றுக்கொண்ட மொழி. இத்தகைய ஒருவருக்குத் தமிழ்த் திரை ஒதுக்கிவைத்திருந்த இடம் வில்லன். முதல் இரண்டு ஆண்டுகள் அவருக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் அதுவே.

பாலசந்தர்: அசைவுக்குக் காரணம்

அபூர்வ ராகங்கள் (1975) படத்தில் ரஜினிகாந்தின் வேடம் சிறியது. கதாநாயகியை விட்டுச் சென்ற கணவன், நோயுற்றவனாகத் திரும்பி வருகிறான். தாடியும் கசங்கிய உடையுமாக இரட்டைக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வரும் அந்த நுழைவு பின்னாளில் ஒரு குறியீடாகவே ஆகிவிட்டது. இன்று அதைப் பார்ப்பவர்கள் ஒரு நட்சத்திரத்தின் வருகையைப் பார்க்கிறார்கள். படம் வெளியான நாளில் அரங்கில் இருந்தவர்கள் பார்த்தது, கதைக்குள் வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்ட ஓர் ஆளை.

மூன்று முடிச்சு (1976) படத்தில்தான் பாலசந்தரின் பயிற்சி துலக்கமாகத் தெரிகிறது. படகில் மூவர் செல்கிறார்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே காதலன் தண்ணீரில் விழுகிறான். நண்பனான பிரசாத் அவனைக் காப்பாற்றாமல் துடுப்பை வலித்தபடியே இருக்கிறான். காட்சி முழுக்க ரஜினிகாந்தின் கைகளில் இருக்கிறது. துடுப்பின் தாளம் மாறுவதில்லை, முகத்திலும் பெரிய மாற்றம் இல்லை. கொலைக்கு நிகரான ஒரு செயல் எதையும் செய்யாமலிருப்பதன் வழியாகக் காட்டப்படுகிறது. வேகமான அசைவுகளே தன் பலம் என்றிருந்த புதிய நடிகரிடம் அந்த வேகத்தைப் பறித்துவிட்டு ஒரே அசைவைக் கொடுத்திருக்கிறார் இயக்குநர். அதே படத்தில் சிகரெட்டைத் தூக்கி உதட்டில் பிடிக்கும் வித்தையும் உண்டு. அந்த வித்தை பிறகு நூறு படங்களுக்குப் பயன்பட்டது. துடுப்பு ஒரே ஒரு படத்தோடு முடிந்துவிட்டது.

பாலசந்தர் நாடகத்திலிருந்து வந்தவர். எல்லாப் பாத்திரங்களையும் தானே நடித்துக் காட்டி, நடிகர்களை அதைப் பின்பற்றச் செய்பவர். இம்முறைக்குக் குறை உண்டு. அவருடைய படங்களில் பலரும் ஒரே ஆளைப்போலப் பேசுவதும், தலையை ஒரே விதமாகத் திருப்புவதும் கண்கூடு. ஆனால் மொழி கைவராத, தன் உடம்பின் வேகத்தை எங்கே வைப்பது என்று தெரியாத ஒருவருக்கு அது தேவையான சட்டகமாக இருந்தது. அவர்கள் (1977) படத்தின் ராமநாதன் சிரித்துக்கொண்டே மனைவியை வதைப்பவன். வழக்கமான வில்லச் சிரிப்பு அதில் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கக்கூடிய, அலுவலகத்தில் நல்ல பெயர் வாங்கியிருக்கக்கூடிய ஒரு கணவனின் சிரிப்பு அது. தமிழ்ப் படத்தில் வில்லன் குடும்பத்துக்கு வெளியே இருந்து வருவான் என்ற வழக்கத்தை அந்த வேடம் உடைத்தது.

முத்துராமன்: நேரத்துக்கு வருதல்

எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம். ஸ்டுடியோவில் வேலை கற்றவர். தமிழ்த் திரையின் தொழிற்சாலை ஒழுங்கு முழுமையாக வாய்த்த இடம் அது. அவருடைய படங்களைப் பற்றி அழகியல் நோக்கில் பேசுவதற்கு அதிகம் இல்லை. ஆனால் சொன்ன நாளில் தொடங்கி, சொன்ன செலவில், சொன்ன நாளில் முடிப்பவர் என்ற நம்பிக்கையை அவர் தயாரிப்பாளர்களிடம் ஈட்டியிருந்தார். ரஜினிகாந்தை வைத்து அவர் எடுத்த படங்கள் 25. அத்தனை படங்களில் ஒரு நடிகரும் ஓர் இயக்குநரும் சேர்ந்து வேலை செய்ததற்குப் பின்னால் இருப்பது கலை ஒற்றுமையைவிடத் தொழில் நம்பிக்கையே.

இவர்கள் இணைந்த புவனா ஒரு கேள்விக்குறி (1977) வணிக சினிமாவுக்குள் நிகழ்ந்த துணிச்சலான வேட மாற்றம். மகரிஷியின் நாவலுக்குப் பஞ்சு அருணாசலம் திரைக்கதை எழுதினார். பெண்ணை ஏமாற்றிக் கைவிடும் நாகராஜாக சிவகுமார் நடித்தார். அவளுக்கு இடம் கொடுத்து, ஊருக்குக் கணவனாகவும் வீட்டுக்குள் அந்நியனாகவும் வாழும் சம்பத்தாக ரஜினிகாந்த் நடித்தார். சிவகுமார் அதுவரை முருகனாகவும் நல்ல பிள்ளையாகவும் அறியப்பட்டவர். வெளுத்த, களையான முகம் வஞ்சகத்துக்கும், கறுத்த முரட்டு முகம் கண்ணியத்துக்கும் உரியதாகியது. முகம் பார்த்துக் குணத்தை முடிவு செய்யும் பழக்கத்தை இந்த இடமாற்றம் அசைத்தது. பிற்பாடு வந்த எந்த வசன முழக்கத்தைவிடவும் அமைதியாக அதைச் செய்தது. இவ்வளவுக்கும் அது ஒரு நடுத்தரமான படம். காட்சிகள் பல நாடகத்தனமானவை. சம்பத் பேசாமல் திண்ணையில் நிற்பதுபோன்ற தருணங்களே அதைத் தாங்குகின்றன.

ஆறிலிருந்து அறுபது வரை (1979) இன்னொரு படி. தம்பி தங்கைகளுக்காகத் தேய்ந்து, அவர்களாலேயே கைவிடப்பட்டு, மனைவியைத் தீவிபத்தில் இழந்து, முதுமையில் எழுத்தாளனாகப் புகழ்பெறும் சந்தானத்தின் கதை. சண்டை இல்லை, சிகரெட் இல்லை. 'பைரவி' (1978) வெளியானபின் சூப்பர் ஸ்டார் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்ட நேரத்தில் இந்த அழுகைக் கதை எடுபடுமா என்று ரஜினிகாந்தே தயங்கினார். எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பஞ்சு அருணாசலம் சொன்னதையும், பார்த்தபின் அவர் முழுமனதுடன் நடித்ததையும் முத்துராமன் பலமுறை கூறியிருக்கிறார். இந்தச் சம்பவத்தில் கவனிக்கவேண்டியது, தன் தோற்றத்தைப் பற்றிய தன் முடிவை இன்னொருவர் கண்ணுக்கு விட்டுக்கொடுக்க அன்று அந்த நட்சத்திரத்தால் முடிந்தது என்பதே.

இந்த உழைப்புக்கு விலையும் இருந்தது. 1978இல் மட்டும் பல மொழிகளிலுமாக இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் அவர் படங்கள் வெளிவந்தன. ஒரே நாளில் இரண்டு மூன்று படப்பிடிப்புகள், நடுவில் பயணம், தூக்கமின்மை. அதன் விளைவாகக் கடும் சோர்வுக்கு ஆளாகி மருத்துவச் சிகிச்சை பெறவேண்டியிருந்தது. தொழில் ஒழுக்கம் என்று போற்றப்படுவதன் ஒரு பகுதி, அன்றைய தமிழ்த் திரைத்துறை நடிகர்களைப் பிழிந்தெடுத்த முறையும்கூட.

மகேந்திரன்: கேட்கும் முகம்

மகேந்திரன் இயக்குநராகும்போது திரைத்துறைக்குப் புதியவர் அல்லர். 'தங்கப்பதக்கம்' உள்ளிட்ட வசனம் மிகுந்த வெற்றிப்படங்களுக்குக் கதை எழுதியவர். தான் எழுதிப் பெயர் வாங்கிய அந்த வகைப் படங்களின்மேல் அவருக்கே வெறுப்பு இருந்தது. முள்ளும் மலரும் (1978) அந்த வெறுப்பிலிருந்து வந்தது. உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு, அதில் தனக்கு வேண்டிய அண்ணனையும் தங்கையையும் மட்டும் பிரித்தெடுத்தார். காளி வேடத்துக்கு ரஜினிகாந்தைச் சொன்னபோது, கறுப்பானவர், வில்லன் வேடம் போடுபவர் என்று தயாரிப்பாளர் தயங்கியதையும், தான் பிடிவாதமாக நின்றதையும் மகேந்திரன் பின்னாளில் எழுதியும் பேசியும் இருக்கிறார்.

காளி மின்நிலையத்தில் விஞ்ச் இயக்குபவன். ஊர்க்காரர்களை விதியை மீறி அதில் ஏற்றிக்கொள்பவன். புதிதாக வந்த பொறியாளர் அதைத் தடுக்கும்போது அவன் தன்மானம் புண்படுகிறது. குடித்துவிட்டுச் சாலையில் கிடந்தபோது லாரி ஏறி ஒரு கையை இழக்கிறான். தங்கை அதே பொறியாளரை விரும்புகிறாள். கதைச்சுருக்கமாகச் சொன்னால் இது 'பாசமலர்' வகை. ஆனால் படம் எங்கும் அந்த வழியில் போகவில்லை. பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு மலையின் மங்கல் வெளிச்சத்தை அப்படியே விட்டுவைக்கிறது. அதில் காளியின் முகம் வெளுப்பாக்கப்படவில்லை. தமிழ்ப் படத்தில் ஒரு கறுத்த நாயகன் தன் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல், யாரும் அதைக் குறிப்பிடாமல், படம் முழுவதும் இருக்கிறான். நிறம் ஒரு செய்தியாக ஆகாமல் வெறும் உண்மையாக இருப்பதே அதில் புதுமை.

கையிழந்து வந்து நிற்கும் அண்ணனைத் தங்கை வள்ளி காணும் காட்சி அடிக்கடி பேசப்படுவது. இதே காட்சியை வேறு யார் எடுத்திருந்தாலும் இரண்டு பக்க வசனம் இருந்திருக்கும். இங்கே பேச்சுக்கு இடமே இல்லை. ஷோபாவின் முகம் உடைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் ரஜினிகாந்தின் வேலை. தான் நடிக்காமல் எதிரில் இருப்பவரை நடிக்கவிட்டு அதை வாங்கிக்கொள்ளும் பயிற்சி அது. பாலசந்தர் சொல்லிக்கொடுத்தது எப்படிச் செய்வது என்பது. மகேந்திரனிடம் அவர் கற்றது எப்போது எதையும் செய்யக்கூடாது என்பது. ஜானி (1980) படத்தில் ஸ்ரீதேவி தன் காதலைச் சொல்லும் காட்சியும் இத்தகையதே. சொல்பவர் அவர். தயங்கி, கேட்டு, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, மெல்ல இளகுபவர் ரஜினிகாந்த். அதே படத்தில் முடிதிருத்துபவரான வித்யாசாகராக வரும்போது கஞ்சத்தனமும் கூச்சமும் உள்ள வேறொரு உடம்பு தெரிகிறது. இரட்டை வேடத்தின் வழக்கமான ஒப்பனை வித்தை இல்லாமலேயே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்.

முள்ளும் மலரும் படத்தின் முடிவு தனியாகக் குறிப்பிடத்தக்கது. மற்ற எல்லோரும் தங்கையின் பக்கம் போய்விட, அவள் மட்டும் அண்ணனிடம் ஓடி வருகிறாள். அது போதும் என்று காளி அவள் திருமணத்துக்குச் சம்மதிக்கிறான். ஆனால் பொறியாளரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொல்லிவிடுகிறான். நாயகன் திருந்தவில்லை. திருந்தாத ஒருவனின் அன்பைப் பார்வையாளர் ஏற்கவேண்டியிருக்கிறது.

நகைச்சுவையும் ஒரு விளிம்பும்

தில்லு முல்லு (1981) பாலசந்தரிடம் அவர் திரும்பிச் சென்ற படங்களில் முக்கியமானது. இந்தியில் வந்த 'கோல்மால்' படத்தின் தமிழாக்கம். மீசை இல்லாத நாயகன், அடிதடி இல்லை, பொய்யை மறைக்க இன்னொரு பொய். தேங்காய் சீனிவாசன் நேர்காணல் செய்யும் காட்சியில், விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒழுக்கசீலனாக நடிக்கும் சந்திரனின் பேச்சில் ரஜினிகாந்தின் இயல்பான வேகம் முழுக்கப் பயன்படுகிறது. அகப்பட்டுக்கொள்ளும் முன் முந்திக்கொள்ளும் ஒரு பொய்யனின் வேகமாக அது மாறுகிறது. தொடக்கத்தில் குறையாகப் பார்க்கப்பட்ட ஒன்றுக்கு ஆறு ஆண்டுகளில் சரியான வேடம் கிடைத்துவிட்டது. தேங்காய் சீனிவாசன் அப்படத்தின் உண்மையான நாயகன் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் தவறில்லை. அப்படிச் சொல்ல இடம் இருப்பதே அன்றைய ரஜினிகாந்தின் சிறப்பு.

ருத்ரய்யா இயக்கிய அவள் அப்படித்தான் (1978) இந்தப் பட்டியலில் விளிம்பில் நிற்கிறது. விளம்பர நிறுவனம் நடத்தும் தியாகு நெற்றியில் விபூதியும் கையில் மதுவுமாகப் பெண்களைப் பற்றி இகழ்ச்சியாகப் பேசுபவன். அந்தப் பேச்சைப் படம் ஏற்கவில்லை. பக்கத்திலேயே மஞ்சு என்ற பெண்ணை நிறுத்தி, அந்தப் பேச்சின் வெறுமையை அவள் வழியாகக் காட்டுகிறது. தன் வேடத்தின்மேல் பார்வையாளருக்கு மரியாதை வரவேண்டும் என்ற கவலையே இல்லாமல் ரஜினிகாந்த் அதைச் செய்திருக்கிறார். அவருடைய மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்றாகவும், மிகக் குறைவாகப் பேசப்படுவதாகவும் அது இருக்கிறது.

எஞ்சியதும் இழந்ததும்

'முரட்டுக்காளை' (1980) பெற்ற வெற்றிக்குப்பின் பாதை மாறியது. முத்துராமனிடம் கற்ற ஒழுங்கு குறையவில்லை. நேரந்தவறாமை, தயாரிப்பாளருக்கு நஷ்டம் வரக்கூடாது என்ற எண்ணம், உடன் வேலை செய்பவர்களிடம் பணிவு ஆகியவற்றைப் பற்றி அவருடன் வேலை செய்த பலரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். குறைந்தது இயக்குநரின் கையில் மண்ணாக இருக்கும் பழக்கம். மகேந்திரனுடன் 'கை கொடுக்கும் கை' (1984) என்ற ஒரு படம் மட்டும் மீண்டும் அமைந்தது. பிறகு இயக்குநர்கள் அவருடைய பிம்பத்துக்கேற்பக் காட்சி அமைத்தார்கள். வேலை ஒழுக்கம் என்பதில் உழைப்பும் உண்டு, ஒப்படைப்பும் உண்டு. ரஜினிகாந்திடம் முதலாவது நிலைத்தது.

இதன் விளைவு அவர் உடைத்த வழக்கங்களிலேயே தெரிகிறது. 1978இல் தியாகு பேசிய அதே வகைப் பேச்சு 'மாப்பிள்ளை' (1989), 'மன்னன்' (1992), 'படையப்பா' (1999) ஆகிய படங்களில் நாயகனின் அறிவுரையாக, கைதட்டலுடன் வருகிறது. திமிர் பிடித்த பெண்ணை அடக்குவது நாயகனின் கடமைகளில் ஒன்றாகிறது. நிறத்தின் கதை இதைவிடக் கசப்பானது. 'சிவாஜி' (2007) படத்தில் நாயகிக்காக நாயகன் வெளுப்பாக முயல்வதும், ஒரு பாடலில் கணினியின் உதவியால் வெள்ளைத்தோலுடன் ஆடுவதும் கேலியாகச் செய்யப்பட்டவை என்று விட்டுவிடலாம். ஆனால் அதே படத்தில் கருமை பூசப்பட்ட இரு பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பாரிமகளிரின் பெயரை வைத்துச் சிரிக்க வைத்தார்கள். கறுப்பு நாயகன் தமிழ்நாட்டில் சாத்தியம் என்று நிறுவியவரின் படத்தில், கறுப்புப் பெண் நகைச்சுவைப் பொருளானாள். பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) கறுப்பை உழைப்பவரின் நிறமாக, அரசியலாக முன்வைத்தது. அதன் நோக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் காளியிடம் இருந்த இயல்பு, பேசவேண்டிய தேவையற்ற அந்த இருப்பு, காலாவிடம் முழக்கமாகிவிட்டது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைப் பார்த்தால் அந்த முழக்கம் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

இடையில் ஒருமுறை பழைய மாணவர் வெளியே வந்தார். 'தளபதி' (1991) படப்பிடிப்பில் தன் கைவசம் இருந்த பாவனைகள் எதையும் மணிரத்னம் ஏற்கவில்லை என்றும், டேக் மேல் டேக் போனது என்றும், கமல்ஹாசனிடம் யோசனை கேட்டபோது இயக்குநரையே நடித்துக் காட்டச் சொல்லி அதைப்போலச் செய்யும்படி அவர் சொன்னார் என்றும் 2022இல் பொன்னியின் செல்வன் பாடல் வெளியீட்டு விழாவில் ரஜினிகாந்த் சிரிக்கச் சிரிக்க விவரித்தார். யோசனை சொன்னவரும் கேட்டவரும் பாலசந்தரின் மாணவர்கள். நடித்துக் காட்டுவதைப் பார்த்துச் செய்வது இருவரும் ஒரே இடத்தில் கற்ற பாடம்.

திரைத்துறை விழா ஒன்றில் பாலசந்தர் மேடையில் ரஜினிகாந்தைக் கேள்வி கேட்டார். அவருக்குப் பிடித்த இயக்குநர் யார் என்பது அக்கேள்விகளில் ஒன்று. கேட்டவர் அறிமுகப்படுத்திய குரு. 25 படங்கள் எடுத்த முத்துராமனும் இருக்கிறார். ரஜினிகாந்த் சொன்ன பெயர், தன்னை மூன்று படங்களில் மட்டுமே இயக்கிய மகேந்திரன்.